மகாராஜா நேரம்

தம்பியின் மேடைச் சட்டைகளுக்கு அக்காதான் இஸ்திரி போடுவாள். ஊரெல்லாம் போஸ்டரில் சிரிக்கிறவன், கார் ஓட்டத் தனியாக ஆள் வைத்திருக்கிறவன், நினைத்தால் தினம் ஒரு புதுச் சட்டை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அக்கா கை பட்டால்தான் காலர் நிற்கும் என்று சட்டைகளைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவான். அவளும் சாப்பாட்டு மேசைமேல் பழைய போர்வையை நான்காக மடித்துப் போட்டு, விரலால் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பாள். காலரில் முதலில் உள்பக்கம், அப்புறம் வெளிப்பக்கம். முனையிலிருந்து நடுவுக்கு வர வேண்டும். நடுவிலிருந்து முனைக்குப் போனால் சுருக்கம் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"லட்ச லட்சமா வாங்குறே மாப்ளே, இஸ்திரி மட்டும் இலவச சேவையா?" என்பார் அவள் கணவர். பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் நக இடுக்கில் இருக்கும் கறை எந்த சோப்புக்கும் மசியாது.

"காசு விஷயமா மாமா இது? சென்டிமென்ட்."

"சென்டிமென்ட்டுக்கும் கரண்ட் பில் எனக்குத்தான்டா வருது."

மூன்று பேரும் சிரிப்பார்கள். இந்த மூன்று மாதமாக அக்காவின் சிரிப்பு மட்டும் ஒரு நொடி பிந்தி வந்துகொண்டிருந்தது. தொலைதூர அழைப்பில் நாம் சொன்னது அந்தப் பக்கம் போய்ச் சேர ஆகிற நேரம் போல. இரண்டு ஆண்களும் அதைக் கவனிக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை தம்பி இரண்டு சட்டையோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தான்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு டிவில ஷூட்டிங், அக்கா. நீயும் நானும். ஒரே சோபா. தலைப்பு என்ன தெரியுமா? 'யாருக்கு அதிகம்?' சிரிக்க வைக்கிறவனுக்கு அதிகம் கொடுக்கணுமா, உயிரைக் காப்பாத்துறவங்களுக்கு அதிகம் கொடுக்கணுமா? நான் ஒரு மேடைக்கு வாங்குறது எங்க அக்கா ஒரு வருஷம் ராப்பகலா உட்கார்ந்து வாங்குறதைவிட ஜாஸ்தின்னு நானே போட்டு உடைப்பேன். உடைச்சிட்டு, எங்க அக்காவுக்குத்தான்யா அதிகம் கொடுக்கணும்னு முடிப்பேன். அரங்கமே அதிரும் பாரு."

"அதுக்கும் கைதட்டு உனக்குத்தான் விழும்" என்றாள் அக்கா.

கணவர் தொடையில் தட்டிச் சிரித்தார். தம்பியும் சிரித்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து இந்த வரியையும் குறித்துக்கொண்டான். அது அவன் பழக்கம். வீட்டில் யார் என்ன சொன்னாலும் அது அவனுக்குச் சரக்கு.

"கடைசியில நம்ம போன் காமெடி பிட்டு. நான் பண்றேன், பக்கத்துலயே ஒரிஜினல் அக்கா உட்கார்ந்திருக்கே. கேமரா உன் முகத்தைக் காட்டும். நீ சும்மா சிரிச்சா போதும்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்தப் பிட்டு வேண்டாம்."

"எது?"

"போன் பிட்டு. வேற என்ன வேணும்னாலும் பண்ணு."

"அது இல்லாம நான் யாருக்கா? நடந்து போனா பின்னாடி யாராவது அதைத்தான் சொல்லிக் கூப்பிடுறாங்க. என் பேரே அவங்களுக்குத் தெரியாது." அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "ஏன், என்ன ஆச்சு?"

ஏன் என்பதற்கு அவளிடம் பதில் இருந்தது. மூன்று மாதமாக இருந்தது. "ஒண்ணுமில்ல, போரடிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு இரண்டாவது சட்டையை விரித்தாள்.

*

அவளுக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாக ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிறாள். ஜன்னல் இல்லாத பெரிய கூடம், பன்னிரண்டு மேசை. ஒவ்வொரு மேசையிலும் இரண்டு திரை, ஒரு ஹெட்செட். காதில் படும் பஞ்சு உறை மட்டும் அவரவர் சொந்தம். அவள் தன்னுடையதைப் பழைய மருந்து டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்திருப்பாள்.

மூன்று கேள்விகள். எங்கே, யாருக்கு, மூச்சு இருக்கிறதா. அழைக்கிறவர்கள் எந்த வரிசையிலும் பேசுவார்கள். முதலில் அழுவார்கள், அப்புறம் கடவுளைக் கூப்பிடுவார்கள், அப்புறம்தான் வீடு எங்கே என்று சொல்வார்கள். சிலருக்குச் சொந்த வீட்டு விலாசமே மறந்துபோகும். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டே போவாள். கத்துகிறவர்களிடம் மெதுவாகப் பேசினால், கேட்பதற்காகவாவது கொஞ்சம் அடங்குவார்கள். "உள்ளங்கையை நெஞ்சு நடுவுல வைங்க. நான் எண்ணுறேன், கூடவே அமுக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." சில நாள் கால் மணி நேரம் எண்ணுவாள். அந்தப் பக்கம் சைரன் கேட்கும், கதவு திறக்கும், புதிய குரல்கள் வரும், யாரோ போனை வைத்துவிடுவார்கள். அவளாக வைக்கக் கூடாது. வண்டி போய்ச் சேரும்வரை நாங்களாக வைக்க மாட்டோம் என்பது அந்த அறையின் முதல் பாடம்.

அதற்குமேல் எதுவும் தெரியாது. பிழைத்தாரா, போய்விட்டாரா, யாரும் திரும்பக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. அந்த வேலையில் கதை பாதிதான் கிடைக்கும். மீதிக்கு ஏங்குகிறவர்கள் ஆறு மாதத்தில் போய்விடுவார்கள். அவள் ஏங்காதவளாக இருந்ததால் இருபத்திரண்டு வருடம் இருந்தாள்.

தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவள் சாப்பாட்டு மேசையில் அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்வாள். சோகமானதைச் சொல்ல மாட்டாள். வேடிக்கையானதை மட்டும் பொறுக்கி எடுத்து வருவாள். ஒரு நாள் ஒரு பெண்மணி கூப்பிட்டு, "எங்க வீட்டு மகாராஜா எழுந்திரிக்கலங்க" என்றாளாம். பதறிப்போய் வண்டி அனுப்பினால், சைரன் சத்தத்தில் மகாராஜா எழுந்து உட்கார்ந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாராம். தம்பி சாப்பாட்டை மறந்து சிரித்தான். அடுத்த நிமிடமே கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு அக்கா குரலில் ஆரம்பித்துவிட்டான்.

அந்தக் கரண்டிதான் பிறகு கல்லூரி மேடையில் மைக் ஆனது. அங்கிருந்து கல்யாண மண்டபம், சின்ன அரங்கம், பெரிய அரங்கம், கடைசியில் எல்லோர் கைப்பேசியும்.

"ஹலோ அக்கா, எங்க வீட்டு மகாராஜா எழுந்திரிக்கல."

"பதறாதீங்கம்மா. மூச்சு விடுறாரா?"

"அது ஒண்ணுதான் சொந்தமா விடுறாரு."

"எவ்வளவு நேரமா இப்படி இருக்காரு?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

'பதறாதீங்கம்மா' என்பதில் அந்த 'ம்மா'வைச் சற்றே இழுப்பது அசல் அக்கா. கூட வேலை செய்கிறவர்கள் முதன்முதலில் பார்த்தபோது அவளைச் சூழ்ந்துகொண்டு கைகொட்டினார்கள். அவளுக்கும் பெருமைதான். இல்லையென்று சொல்ல முடியாது.

இரண்டு வாரத்தில் விளையாட்டு அழைப்புகள் ஆரம்பித்தன. பள்ளிக்கூடம் விடுகிற மூன்று மணிக்குத் தொடங்கி நாலரை வரைக்கும். "ஹலோ அக்கா, எங்க வீட்டு மகாராஜா எழுந்திரிக்கல." பின்னாலேயே நாலைந்து பிள்ளைகளின் கெக்கெக்கே. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது. அறையில் அதற்கு மகாராஜா நேரம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். வெள்ளைப் பலகையில் யாரோ எண்ணிக்கை எழுத ஆரம்பித்தார்கள். "இன்னிக்கு எத்தனை மகாராஜா?" என்று ஷிப்ட் மாற வருகிறவர்கள் கேட்பார்கள். பக்கத்து மேசைக்காரி, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பதால் 'கண்ணாடி' என்று பெயரெடுத்தவள், "எல்லாம் உன் தம்பி புண்ணியம். உங்க வீட்டுல சிரிச்சாங்க, நாங்க இங்க அழறோம்" என்பாள்.

திரையின் மூலையில் சிவப்பாக ஒரு பொத்தான் உண்டு. பொய் அழைப்பு என்று நிச்சயமானால் அழுத்தலாம். அழைத்தவர் காதில், "அவசர எண்ணைத் தவறாகப் பயன்படுத்துவது குற்றம்" என்று பதிவுசெய்த குரல் ஓடும். இங்கே அடுத்த அழைப்பு வந்துவிடும். அந்தப் பதிவும் அக்கா குரல்தான். எட்டு வருடத்துக்கு முன்னால், எல்லோரிலும் அவள் உச்சரிப்புதான் சுத்தம் என்று அவளைப் பேசச் சொன்னார்கள்.

விதிப்படி மூன்று கேள்வியும் கேட்டுவிட்டுத்தான் சிவப்பை அழுத்த வேண்டும். ஆனால் பன்னிரண்டு மேசையில் ஆள் இருந்தது ஏழில்தான். மற்ற ஐந்து பேரும் ஒரு வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போய்விட்டார்கள். சம்பளம் ஒன்றரை மடங்கு. "அங்க போன்ல யாரும் சாக மாட்டாங்க" என்று ஒருத்தி விடைபெறும்போது சொல்லிவிட்டுப் போனாள். ஏழு பேர் பன்னிரண்டு பேரின் போனை எடுக்கும்போது விதி தானாகச் சுருங்கும். யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் சொல்லவில்லை. 'மகாராஜா' என்ற சொல் காதில் விழுந்ததும் ஏழு கையும் சிவப்புக்குப் போகப் பழகிவிட்டன.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று பதினாலு. அவளுக்கு அன்று இரட்டை ஷிப்ட், ஒன்பதாவது மணி நேரம்.

"ஹலோ அக்கா. எங்க வீட்டு மகாராஜா எழுந்திரிக்கல."

பெண் குழந்தை. ஆறு வயது இருக்கலாம், ஏழு இருக்கலாம். பின்னால் பெருங்கூட்டம் சிரிக்கிற சத்தம்.

"பெரியவங்க கிட்ட போனைக் குடும்மா."

"பெரியவங்க அவருதான். ஆனா கண்ணு..."

அவள் சிவப்பை அழுத்தினாள்.

அடுத்தது கடைவீதியில் ஒரு மோதல். அதற்கடுத்து ஒரு பிரசவம். மூன்று இருபத்தைந்துக்குக் கண்ணாடி எடுத்த அழைப்பில், ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். கண்ணாடிக்கு ஒரு வழக்கம். தட்டச்சு செய்யும்போது கேட்பதை வாய்விட்டுச் சொல்வாள். "ஆண், முப்பத்தெட்டு வயசு. சோபாவில சாய்ஞ்சிருக்காரு. மூச்சு இல்ல. சரிங்க. குழந்தை மட்டும் கூட இருந்துச்சா? என்ன சொல்றீங்க, குழந்தை முன்னாடியே போன் பண்ணுச்சா? இங்கயா?" கண்ணாடி தலையைத் தூக்கி அறையைச் சுற்றிப் பார்த்தாள். "யாராவது எடுத்தீங்களா?"

ஆறு தலைகள் இல்லையென்று ஆடின. அவற்றில் ஒன்று அவளுடையது.

வண்டி போனது, எதையும் ஏற்றாமல் திரும்பியது. முதல் முறையாக அவளுக்குக் கதையின் முடிவு தெரிந்தது.

அந்தப் பெருங்கூட்டத்தின் சிரிப்பு எதுவென்று வீட்டுக்கு வந்தபிறகுதான் புரிந்தது. கணவர் டிவியில் தம்பியின் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறு ஒளிபரப்பு. மதியமும் ஒரு முறை போட்டார்களாம். அதே சிரிப்பு. அதே இடத்தில் ஏறி, அதே இடத்தில் அடங்கியது. தன் அப்பாவோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை, அப்பா எழுந்திருக்கவில்லை என்றால் எந்த எண்ணுக்கு எப்படிப் பேச வேண்டும் என்று டிவியைப் பார்த்தே கற்றுக்கொண்டு, சொல்லுக்குச் சொல் சரியாகப் பேசியிருக்கிறது.

பதினோரு நிமிடம். முன்பே போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று ஒரு மருத்துவர் சொல்லலாம், பிழைத்திருப்பார் என்று இன்னொருவர் சொல்லலாம். அவள் இரண்டு பேரையும் கேட்கவில்லை. பால் பொங்குவதற்கு, தொட்டி நிரம்புவதற்கு, கணவர் குளித்துவிட்டு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும் பார்க்க ஆரம்பித்தாள். பதினோரு நிமிடத்தில் ஒரு சட்டையை முழுசாகத் தேய்த்து, மடித்து, அடுத்ததில் பாதி போய்விடலாம்.

ஆனால் அவளைத் தூங்கவிடாதது அதுவும் இல்லை. 'ஆனா கண்ணு' என்ற அந்த அரை வாக்கியம். ஆனா கண்ணு தொறந்திருக்கு. ஆனா கண்ணு மேல போயிடுச்சு. ஆனா கண்ணு என்னைப் பார்க்குது. பாத்திரம் துலக்கும்போது ஒரு முடிவு வரும், பஸ்ஸில் நிற்கும்போது ஒன்று வரும். அழைப்பை அங்கேயே வெட்டியதால் பதிவும் அங்கேயே நின்றிருக்கும். யாரிடமும் மீதி இல்லை, அந்தக் குழந்தையைத் தவிர.

*

புதன்கிழமை மதியம் டிவியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். துறுதுறுவென்று பேசினாள்.

"மேடம், ஒரு உயிரைக் காப்பாத்தினதும் உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"காப்பாத்தினோமா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாதும்மா."

"சூப்பர் மேடம், ரொம்ப அடக்கம். ஆனா ஒரே ஒரு சந்தோஷமான கதை வேணும். ஜனங்க கண்ணுல தண்ணி வரணும், உடனே சார் வந்து சிரிக்க வைப்பாரு."

"யோசிச்சுச் சொல்றேன்."

"அப்புறம் மேடம், உங்களுக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தா சரியா இருக்கும்னு நினைக்கிறீங்க?"

லைன் போய்விட்டதோ என்று அந்தப் பெண் மூன்று முறை ஹலோ சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. இரண்டு பஸ் மாறி அந்தக் குடியிருப்புக்குப் போனாள். விலாசம் கண்ணாடியின் வாயிலிருந்து அன்றைக்கே மனப்பாடம். மூன்றாவது மாடி, இடப்பக்க வீடு, பூட்டு. கதவருகில் சின்னதாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, தூசி படிந்து. எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து யார் என்று கேட்டார்.

"இன்ஷூரன்ஸ்லேர்ந்து வரேன்" என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

"அவங்க காலி பண்ணிட்டாங்கம்மா. அந்த அம்மா அன்னிக்கு வேலைக்குப் போயிருந்தாங்க. இப்ப அவங்க அண்ணன் வீட்டோட போயிட்டாங்க." அவர் சற்றுத் தயங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சின்னதுதான் பாவம். போன் மணி அடிச்சா கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குதாம். யாரோ ஒரு அக்கா குற்றம்னு சொன்னாங்க, போலீஸ் வருமான்னு கேட்டுச்சு என்கிட்ட. என்ன கேட்டுச்சோ, யார் சொன்னாங்களோ, பயத்துல ஏதோ உளறுது."

"உளறல் இல்லீங்க" என்று சொல்ல அவள் வாய் திறந்தது. "சரிங்க, நான் வரேன்" என்றாள்.

படி இறங்கும்போது எந்த வீட்டிலிருந்தோ டிவிச் சிரிப்பு கேட்டது. வேறு ஏதோ நிகழ்ச்சி. ஆனாலும் அவள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை நின்றாள்.

மறுநாள் காலை ஷிப்ட் ஆபீசரின் மேசையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்தாள். பஞ்சு உறை டப்பாவுக்குள் மூன்று மாதமாக மடித்து வைத்திருந்தது. தேதி, மணி, மேசை எண்.

"இந்தப் பதிவை எடுத்துப் போட்டுக் கேளுங்க சார்."

அவர் படித்தார். தேதியைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது. "மூணு மாசம் ஆச்சு. யாரும் புகார் கொடுக்கலையேம்மா."

"நான் கொடுக்கிறேன்."

"யார் மேல?"

"என் மேல."

அவர் கதவைப் பார்த்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏழு மேசையில் ஆறு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஏழு பேரை வெச்சுக்கிட்டு ஓட்டிட்டு இருக்கேன். ஆறாக்கச் சொல்றீங்களா?"

"நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க."

"உங்களை மாதிரி ஒருத்தரை நான் எங்கம்மா போய்த் தேடுவேன்? இந்தச் சம்பளத்துக்கு எவன் வருவான்?" அவர் சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நாளைக்கு ரெண்டு மணிக்கு வாங்க. பதிவை எடுக்க சர்வர் ஆளை வரச் சொல்றேன். உட்கார்ந்து கேட்போம்."

*

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்குத் தம்பி வந்தான். நீலச் சட்டை, புதுசு. கணவர் டிப்போவுக்குப் போயிருந்தார். அவன் பனியனோடு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, கையில் துண்டுத்தாள்களைப் பரப்பிக்கொண்டான். அவள் போர்வையை மடித்துப் போட்டாள்.

"மூணு மணிக்குக் கார் வரும். நீ அந்தப் பச்சை கட்டிக்கோ, கேமராவுக்கு நல்லா இருக்கும். ஆரம்பமே உன்கிட்டதான் கேப்பாங்க, யாருக்கு அதிகம்னு."

"நான் வரலடா."

"விளையாடாதே."

"ரெண்டு மணிக்கு நான் ஆபீஸ்ல இருக்கணும்."

"இன்னிக்கு லீவுன்னு சொன்னே! அவங்க எவ்வளவு கொடுக்கிறாங்களோ அதை நான் ஒரு நாளைக்கு ரெண்டு மடங்கா தரேன், போன் பண்ணி வரலன்னு சொல்லு. ஏன்கா, அந்த வேலையே எதுக்கு? நான் எத்தனை தடவை சொல்லிட்டேன்."

அவள் காலரின் உள்பக்கத்தைத் தேய்த்தாள். பிறகு சொன்னாள். நிறுத்தாமல், குரலைத் தாழ்த்தி, அழைப்பவர்களிடம் பேசுகிற குரலில். வியாழக்கிழமை, மூன்று பதினாலு, சிவப்புப் பொத்தான், மூன்று இருபத்தைந்து, ஆறு தலைகள், ரப்பர் செருப்பு, துண்டுச் சீட்டு. காலரின் வெளிப்பக்கத்துக்கு வந்தபோது சொல்லி முடித்திருந்தாள்.

அவன் துண்டுத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான்.

"அதுல என் பேரு வருமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவன்போல முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"அதுக்குச் சொல்லலக்கா. நான்... போனை நான் வைக்கலையேக்கா."

"இல்ல. வெச்சது நான்."

"அப்புறம் ஏன் என் பிட்டை நிறுத்தச் சொன்னே? லட்சம் பேர் சிரிச்சாங்க. ஒருத்தரு கடுதாசி போட்டாரு, சம்சாரம் போனதுலேர்ந்து முதல் தடவையா சிரிச்சேன்னு. அது பொய்யா? நானா அந்தாளைக் கொன்னேன்?"

"உன்னைக் குத்தம் சொல்லலடா. அந்த வரியை உனக்குக் கொடுத்ததே நான்தானே. சிரிக்கத்தான் கொடுத்தேன்."

தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பாமல் முக்கியது. மூன்றாவது உதையில் கிளம்பிப் போனது.

"சரி" என்றான் அவன். "சரி. நீ வரலன்னா நான் தனியா உட்கார்றேன். யாருக்கு அதிகம்னு கேட்டா உன் சார்பா என்ன சொல்லட்டும்? உனக்குத்தான் அதிகம்னு சொல்றேன். மனசாரச் சொல்றேன், கைதட்டுக்கு இல்ல."

"எனக்கு அதிகம் வேண்டாம். உன்னோட என்னை நிறுத்துப் பார்க்கவும் வேண்டாம். அங்க அஞ்சு நாற்காலி காலியா கிடக்கு. அதுல ஆள் வந்து உட்காரணும், உட்கார்ந்தவங்க எழுந்து போகாம இருக்கணும். அதுக்கு எவ்வளவு ஆகுமோ அவ்வளவு கொடுக்கச் சொல்லு. மூணு கேள்வியும் கேக்க நேரம் இருக்கிற அளவுக்கு. உனக்கு எவ்வளவு வேணும்னாலும் கொடுத்துட்டுப் போகட்டும், எனக்கென்ன."

பழக்கதோஷத்தில் அவன் கை துண்டுத்தாளுக்குப் போனது. பேனாவைத் திறந்தான். எழுதவில்லை, மூடினான்.

"அது எப்படிச் சொல்லுச்சு?" என்றான். "அந்தப் பாப்பா."

"எப்படின்னா?"

"எப்படிப் பேசிச்சு? பயந்துபோயா?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தலையைச் சற்றுச் சாய்த்தாள். அந்த வீட்டில் குரல்கள் செய்வது எப்போதும் தம்பிதான். அவள் ஒருநாளும் செய்ததில்லை.

"ஹலோ அக்கா" என்றாள். "எங்க வீட்டு மகாராஜா எழுந்திரிக்கல."

சன்னமான குரல். பயம் இல்லை. கற்றுக்கொண்ட பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பிக்கிற கவனம் மட்டும் இருந்தது. 'எழுந்திரிக்கல' என்பதில் நாக்கு லேசாகத் தடுக்கியது. இருபது வருடமாகக் குரல்களை விற்றுப் பிழைக்கிறவன், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த குழந்தையை நேராகப் பார்த்தான்.

"பெரியவங்க அவருதான். ஆனா கண்ணு..."

அங்கே நின்றாள். வாய் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல அது அவளுடைய வாயாக மாறியது. ஸ்விட்சை அணைத்தாள். சட்டையை ஹேங்கரில் மாட்டி, மேல் பொத்தானைப் போட்டு, கதவின் கொக்கியில் தொங்கவிட்டாள். காலர் நன்றாக நின்றது.

மணி ஒன்று பத்து. கைப்பையைத் திறந்து மருந்து டப்பா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். செருப்பை மாட்டினாள்.

"அக்கா" என்றான் அவன். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "ஆனா கண்ணு... அப்புறம்? அப்புறம் என்னக்கா சொல்லுச்சு?"

அவள் கதவைத் தாண்டிப் போனாள். கொக்கியில் தொங்கிய நீலச் சட்டை ஒரு முறை ஆடி நின்றது.